கத்திக்கு நாலு, வாளுக்கு எட்டு

நாவல் எழுதுகிறவன் நாவலைப் பற்றித்தான் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதை மீறி இந்த மாதம் ஓர் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைப் பற்றி, அதிலும் அதிலுள்ள ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அந்தப் பக்கத்தில் கதை கிடையாது, வர்ணனை கிடையாது. ஆயுதங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, எடை, அது மேலே பட்டால் எவ்வளவு சேதம் என்று தீர்மானிக்க உருட்ட வேண்டிய பகடை. அவ்வளவுதான். ஆனாலும் சமீபத்தில் படித்த பல நாவல்களைவிட அந்தப் பக்கம் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்துவிட்டது.

காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. கோடை லீவுக்கு என் தமக்கை பிள்ளை பெங்களூரிலிருந்து வந்தான். பதினாறு வயசு. பெட்டியில் இரண்டு சட்டையும் ஒரு கனத்த புத்தகமும் ஒரு சுருக்குப் பையும் இருந்தன. பையைக் கவிழ்த்தபோது திண்ணையில் கலர் கலராகப் பகடைகள் உருண்டன. நாலு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. என் தாயார் இருபது முகப் பகடையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பகடையாடா, நெல்லிக்காயா?"

"பகடைதான் பாட்டி. அடி விழுமா விழாதான்னு இதுதான் சொல்லும்."

நாலு முகப் பகடை உருளுவதே இல்லை. போட்ட இடத்தில் நெருஞ்சி முள் மாதிரி கூரை மேலே காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அதை ராத்திரி இருட்டில் மிதித்தவன் என்ற முறையில், ஆட்டத்தில் அதைக் குத்துவாளுக்கு ஒதுக்கியிருப்பது பொருத்தம் என்று சொல்வேன்.

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் நடுவராக உட்கார்ந்து கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் மதில் ஏறுகிறேன்" என்பார்கள். சண்டை வந்தால் முதலில் இருபது முகப் பகடை. அடி பட்டதென்று அது சொன்னால், அப்புறம் ஆயுதத்தின் பகடை. குத்துவாளுக்கு நாலு முகம். குட்டை வாளுக்கு ஆறு. நீண்ட வாளுக்கு எட்டு. பெரிய கோடரிக்குப் பன்னிரண்டு. இரண்டு கையாலும் பிடிக்கிற பெருவாளுக்கு ஆறு முகப் பகடை இரண்டு. கைத்தடியை ஒரு கையால் வீசினால் ஆறு, இரு கையாலும் வீசினால் எட்டு. சிலம்பம் ஆடினவர்கள் இந்த ஒரு வரிக்காவது தலையாட்டுவார்கள். விழுந்த எண்ணோடு கை பலத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டி, எதிரியின் உயிர்ப் புள்ளியிலிருந்து கழிக்க வேண்டும். புள்ளி பூஜ்யமானால் ஆள் சாய்ந்துவிடுவான்.

இப்படிப் பகடையால் சேதம் கணக்கிடுவது புதிசல்ல. பிரஷ்யாவில் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1824-ல் வெளியிட்ட யுத்தப் பயிற்சி ஆட்டத்தில், துப்பாக்கி வரிசை சுட்டால் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடைதான் சொல்லிற்று. அந்த வம்சத்தில் வந்தது இது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள்.

அந்த முதல் பதிப்பில் ஒரு சங்கதி உண்டு. எல்லா ஆயுதத்துக்கும் ஒரே பகடைதான். குத்துவாளானாலும் பெருவாளானாலும் ஆறு முகம். அடுத்த வருஷம், 1975-ல் வந்த அநுபந்தத்தில்தான் குத்துவாளுக்கு நாலு, வாளுக்கு எட்டு, பெருவாளுக்குப் பத்து என்று பிரித்தார்கள். என் மருமான் முதல் பதிப்பை ஏதோ ஆதிவாசிகள் காலத்துச் சமாசாரம் போலச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஆயுதமும் எவனையும் கொல்லும் என்பது விவரம் தெரியாதவன் சொல்கிற வார்த்தை அல்ல. சின்னக் கத்திதானே என்று அலட்சியமாக இருந்தவர்களின் கதை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கிடைக்கும். ஆனால் கதாசிரியன் என்ற முறையில் இரண்டாவது பதிப்பின் கட்சியையும் நான் பேச வேண்டும். எல்லாக் கத்தியும் ஒன்றானால், பாத்திரம் எதைக் கையில் எடுக்கிறான் என்பதற்கு அர்த்தமில்லாமல் போகிறது. கோடரி எடுப்பவனும் குத்துவாள் எடுப்பவனும் வேறு வேறு மனுஷர்கள். பகடை வேறானபோது பாத்திரமும் வேறாகிவிட்டது.

இதில் கோடரிக்கும் பெருவாளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாசகர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உச்சம் பன்னிரண்டுதான். கோடரிக்காரன் ஒரே பகடையை உருட்டுகிறான். ஒன்று விழவும் பன்னிரண்டு விழவும் சம வாய்ப்பு, பன்னிரண்டில் ஒன்று. பெருவாள்காரன் இரண்டு பகடை உருட்டுவதால் அவனுக்கு ஒன்று என்பதே கிடையாது. ஏழு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. பன்னிரண்டு விழ முப்பத்தாறில் ஒன்று. சராசரி போட்டால் கோடரிக்கு ஆறரை, வாளுக்கு ஏழு. கணக்குத் தெரிந்தவன் வாளைத்தான் எடுப்பான். என் மருமான் கோடரி எடுத்தான். "சராசரிக்கா மாமா விளையாடறோம்?" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. எழுதுகிறவர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. ஒவ்வொரு கதையிலும் தவறாமல் ஏழு போடுகிறவர்கள், ஒன்றோ பன்னிரண்டோ போடுகிறவர்கள். பத்திரிகை ஆசிரியர்களுக்கு முதல் ஜாதியிடம்தான் பிரியம்.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிப்பதற்காகப் பரமபதமும் தாயமும் ஆடி ஆடிக் கை தேர்ந்தவள். பூஜை அலமாரியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்து வந்து பேரனுக்கு எதிரே போட்டாள். நீளக் கட்டை, நாலு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். மூன்று விழ நாலு வழி இருக்கிறது. தாயம் விழ இரண்டே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கு ஒரே வழி. எதுவும் இல்லாததோடு எதுவும் இல்லாததைச் சேர்த்தால் எல்லாவற்றிலும் பெரிசு என்று வைத்தவன் யாரோ தெரியாது. இந்த யோசனை அமெரிக்கக்காரனுடைய பையில் இல்லை.

தாயத்தில் வெட்டு உண்டு, சேதம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எதிரியின் காய் நிற்கிற கட்டத்தில் சரியாகப் போய் விழுந்தால் வெட்டு. ஒரு கட்டம் தள்ளி விழுந்தால் ஒன்றுமே இல்லை. அரைவெட்டு, கால்வெட்டு என்று கிடையாது. வெட்டுப்பட்ட காய் சாவதும் இல்லை, மறுபடி தாயம் விழக் காத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும். கர்மக் கொள்கையில் ஊறின ஊரில் பிறந்த ஆட்டம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு போகிற உயிர் என்ற எண்ணமே அதில் இல்லை.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? உள்நாட்டு யுத்தக் காலத்துக் கப்பல் சண்டை ஆட்டத்தின் விதிகளிலிருந்து எடுத்துக்கொண்டதாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். இரும்புக் கப்பல் ஒன்றுக்கு இத்தனை புள்ளி, ஒரு குண்டு பட்டால் இத்தனை போகும், எல்லாம் போனால் மூழ்கும். கப்பலின் கணக்கை மனுஷன் உடம்பில் ஏற்றியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றிய என் சங்கடம் எனக்கே தெளிவாயிற்று. உயிர்ப் புள்ளி ஒன்று மிச்சமிருக்கிறவனும் நாற்பது இருக்கிறவனும் ஒரே பலத்தோடு கோடரி வீசுகிறார்கள். புண்ணுக்கு இடம் இல்லை. கையா, காலா, கண்ணா என்று விதி கேட்பதில்லை. 2014-ல் வந்த பதிப்பின்படி ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போன புள்ளியெல்லாம் திரும்பிவிடும். சரித்திரத் தொடர்கதைகளில் ஞாயிற்றுக்கிழமை மார்பில் வேல் பாய்ந்த கதாநாயகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குதிரை ஏறுகிற மாதிரிதான். நான் எழுதிய ஒன்றும் அதில் சேர்த்தி. ஆகையால் ரொம்பச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை.

இன்னொரு விபரீதமும் உண்டு. சாதாரணக் குடியானவனுக்கு அந்தப் புத்தகத்தில் நாலே புள்ளி. குத்துவாள் அவன்மேல் பட்டால், குத்துகிறவனுக்கு விசேஷ பலம் எதுவும் இல்லை என்றாலும், நாலில் ஒரு வாய்ப்பு அவன் சாய்ந்துவிடுவான். இது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் படி ஏறின வீரனுக்கு எண்பது புள்ளிகூட வந்துவிடுகிறது. அவன் தூங்கும்போது குத்தினால் பகடையை இரட்டிப்பாக உருட்டலாம். அப்போதும் கத்திக்கு எட்டுத்தான் உச்சம். கூட்டலும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று. அவன் எழுந்து உட்கார்ந்து, யாரது என்று கேட்பான்.

"அப்படியானால் முத்தநாதன் என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

பெரிய புராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதை. திருக்கோவலூர் அரசர், போரில் தோற்காதவர். தோற்றுத் தோற்றுச் சலித்த முத்தநாதன் சிவனடியார் வேஷம் போட்டு, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு, அந்தப்புரம்வரை வந்து குத்திவிடுகிறான். ஒரு சின்னக் கத்தி, ஒரே குத்து. இந்தப் பட்டியலின்படி அவர் சாக முடியாது.

மருமான் புத்தகத்தைப் புரட்டி ஓரிடத்தைக் காட்டினான். உயிர்ப் புள்ளி என்பது வெறும் உடம்பு அல்ல, மனத்தின் உறுதி, வாழ வேண்டுமென்ற ஆசை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது என்று போட்டிருக்கிறது. "அவர் கும்பிட்டுண்டே விழுந்தார்னுதானே சொன்னீங்க? தடுக்கலையே. புள்ளியை எல்லாம் அவரே கீழே வச்சுட்டார், மாமா."

சேக்கிழாரின் கதைக்கு இதைவிடச் சுருக்கமான வியாக்கியானத்தை நான் கேட்டதில்லை. ஆனாலும் விடவில்லை. வெண்ணிப் போரைச் சொன்னேன். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் கோயில்வெண்ணி என்ற ஊர் இருக்கிறதே, அங்கே நடந்தது. கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பில் பாய்ந்து முதுகில் வந்துவிட்டது. முன்னால் பட்டது விழுப்புண், பெருமை. முதுகில் தெரிந்தது புறப்புண், அவமானம். சேரன் அந்தப் புண்ணால் சாகவில்லை. நாணி, வடக்கே முகம் வைத்து உட்கார்ந்து, பட்டினி கிடந்து உயிரை விட்டான். வேலுக்கு எத்தனை முகப் பகடை உருட்டினாலும் இந்தச் சாவு வராது. சேதம் வேலில் இல்லை, வேல் வெளிவந்த திசையில் இருக்கிறது. வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றில் கரிகாலனைப் பார்த்தே, உன்னைவிடத் தோற்றவன் நல்லவன் அல்லவா என்ற பொருளில் கேட்டிருக்கிறார். எண்ணால் கேட்க முடியாத கேள்வி அது.

இதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அவனுடைய நடுவர் சொன்னாள். பக்கத்துத் தெருப் பெண், காலேஜில் முதல் வருஷம். "அதுக்குத்தான் சார் நடுவர் இருக்கா. பகடை ஏழுன்னு மட்டும்தான் சொல்லும். அது எந்த ஏழுன்னு நான் சொல்லணும்."

பிறகு அவள் ஆட்டம் நடத்தும்போது கூர்ந்து கேட்டேன். ஏழு விழுந்தால், "உன் தோள் கவசத்து வார் அறுந்து தொங்குகிறது, இடது கை மரத்துப் போகிறது" என்கிறாள். ஒன்று விழுந்தால், "கன்னத்தில் ஒரு கீறல், ஆனால் உன் அம்மா கொடுத்த பாசிமணி அறுந்து கீழே சிதறிவிட்டது" என்கிறாள். விதியில் இல்லாததை அந்த ஒன்றில் ஏற்றிவிட்டாள். அந்தப் பையன் மூன்று நாள் அந்தப் பாசிமணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பகடை எண்ணை மட்டும் கழித்துக்கொண்டு போகிற நடுவர்களும் இருக்கிறார்களாம். அவர்கள் கையில் இது வெறும் மளிகைக் கணக்குத்தான் என்று அவளே சொன்னாள்.

எதிர் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். எங்கள் பகுதியில் பாதிப் பேர் பெல்லில் வேலை பார்த்தவர்கள், மீதியில் பலர் துப்பாக்கித் தொழிற்சாலை. 1966-ல் ஏற்பட்ட தொழிற்சாலை. இவர் அதில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டியலை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"சார், எங்க வேலையே இந்தப் பகடையை ஒழிக்கிறதுதான். நூறு துப்பாக்கி வெளியே போனா நூறும் ஒரே மாதிரி சுடணும். ஒன்று கூட ரெண்டு கூட விழக்கூடாது."

"விழுந்தால்?"

"திருப்பி அனுப்பிடுவாங்க."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "குண்டு எங்கே போய்ப் படுங்கறது மட்டும் எங்க கையில இல்லே" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

லீவு முடியப் போகிற வாரம் நடுவர்ப் பெண்ணுக்குக் காலேஜில் பரீட்சை. பதிலுக்கு நான் நடுவராக உட்கார வேண்டியதாயிற்று. நடுவருக்கு முன்னால் ஓர் அட்டைத் தட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் அவர் உருட்டுகிற பகடை மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. என் மருமானின் கோடரி வீரன் ஏற்கெனவே நன்றாக அடிபட்டு, நாலு புள்ளியோடு ஒரு கோட்டையின் பின் கட்டில் பதுங்கியிருந்தான். கிழட்டுக் காவல்காரன் ஒருவன் கையில் குத்துவாளோடு வந்தான். பலத்துக்குக் கூட்ட அவனுக்கு எதுவும் கிடையாது. அடி பட்டது. தட்டிக்குப் பின்னால் நாலு முகப் பகடையைப் போட்டேன். நாலு.

"மூணு" என்றேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று நினைக்க வேண்டாம், என் பிழைப்பே அதுதான். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, பகடையைக் காட்டுங்க."

தட்டியை நகர்த்தினேன். அவன் நாலைக் கழித்தான். பூஜ்யம். அதற்கு அப்புறமும் ஒரு வாய்ப்பு உண்டு. சாய்ந்தவன் இருபது முகப் பகடையை உருட்டிக்கொண்டே போக வேண்டும். பத்தும் அதற்கு மேலும் மூன்று முறை விழுந்தால் உயிர் நிற்கும், கீழே மூன்று முறை விழுந்தால் போயிற்று. ஏழு விழுந்தது. பதின்மூன்று. நாலு. ஒன்பது. இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டிருந்த பாத்திரமாம். அவன் அழவில்லை. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தான். நான்தான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில், ஊமைப் பெண் ஒருத்தியைக் கிணற்றில் விழுந்து சாகும்படி செய்தேன். ஏன் கொன்றீர்கள் என்று வாசகர்கள், முக்கியமாகப் பெண்கள், நிறைய எழுதிக் கேட்டார்கள். கதை அப்படித்தான் போயிற்று, என் கையில் இல்லை என்று எல்லோருக்கும் பதில் எழுதினேன். எழுத்தாளர்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது. உண்மை என்னவென்றால், தொடரை இரண்டு வாரத்தில் முடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். அவளை வைத்துக்கொண்டு முடிக்க எனக்கு வழி தெரியவில்லை. தட்டிக்குப் பின்னால் எந்தப் பகடையையும் உருட்டாமலே ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். தட்டியை நகர்த்து என்று சொல்ல அவளுக்கு வாயும் இல்லை.

நளன் கதையில் இருதுபன்னன் தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லுவான். அவனிடம் சூதின் ரகசியத்தைக் கற்றுக்கொண்ட பிறகுதான் கலி நளனை விட்டு நீங்குகிறது. சிறு வயசில் கேட்டபோது, எண்ணிக்கைக்கும் கலிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரிந்ததில்லை.

பையன் ரயிலேறுவதற்கு முதல் நாள் ராத்திரி புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டிருந்தான். என்ன ஆயுதம் என்று கேட்டேன். கைத்தடி என்றான். ஒரு கைக்கு ஆறு, இரு கைக்கு எட்டு. எனக்கும் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறான், தீபாவளிக்கு வரும்போது நிரப்பி வைத்திருக்க வேண்டுமாம். பெயரும் தொழிலும் எழுதிவிட்டேன். ஆயுதம் என்ற இடத்தை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். அம்மா தாயக்கட்டையை அலமாரியில் திருப்பி வைக்கவில்லை. இரண்டு கட்டையும் திண்ணையிலேயே கிடக்கின்றன.